‘அது உங்கள் அதிகார வரம்பில் இல்லை’: செர்பிய மாணவர் இயக்கம், 2024–2025

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.52 மணிக்கு, செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரமான நோவி சாத்தின் ரயில் நிலைய முகப்பில் நீண்டிருந்த கான்கிரீட் விதானம், அதன் கீழே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் மீதும் அந்த நேரத்தில் அதைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மீதும் அப்படியே பெயர்ந்து விழுந்தது. அன்றே 14 பேர் இறந்தனர். அவர்களில் 6 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். நவம்பர் 17 அன்று மருத்துவமனையில் ஒருவரும், 2025 மார்ச் 21 அன்று இன்னொருவரும் இறக்க, பலி எண்ணிக்கை 16 ஆயிற்று. இந்த எண் 14, 15, 16 என்று மாறியதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து வந்த போராட்டம் தன் நேரத்தை இந்த எண்ணைக் கொண்டுதான் அளந்தது.

1964இல் திறக்கப்பட்ட அந்த நிலையம், பெல்கிரேடு–புடாபெஸ்ட் அதிவேக ரயில்பாதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சீன நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றால் மூன்று ஆண்டுகள் புதுப்பிக்கப்பட்டு, 2024 ஜூலை 5 அன்றுதான் பயணிகளுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டிருந்தது. திறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அரசுத் தரப்பின் முதல் பதில், புதுப்பித்தல் பணியில் விதானம் சேர்க்கப்படவே இல்லை என்பதாக இருந்தது. விதானத்தின் மேல் கண்ணாடியும் உலோகமும் கூடுதலாக ஏற்றப்பட்டன என்றும், அந்தச் சுமையைப் பழைய கட்டுமானம் தாங்குமா என்று எவரும் முறையாகச் சோதிக்கவில்லை என்றும் பொறியாளர்கள் பொதுவெளியில் சுட்டிக்காட்டத் தொடங்கியபோது அந்தப் பதில் நிற்கவில்லை. கட்டுமானத் துறை அமைச்சர் கோரான் வெசிச் நவம்பர் 4 அன்று பதவி விலகலை அறிவித்தார். அதே மாதம் 21ஆம் தேதி கைதானார்.

ஒரு கட்டட விபத்து எப்படி ஒரு நாட்டின் மக்களாட்சி பற்றிய கேள்வியாக மாறியது, அந்தக் கேள்வியைக் கட்சிகளால் எழுப்ப முடியாதபோது இருபது வயதுப் பிள்ளைகளால் ஏன் எழுப்ப முடிந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

விட்டுப்பிடிக்கும் ஆட்சி

செர்பிய முற்போக்குக் கட்சி 2012 முதல் ஆட்சியில் இருக்கிறது. அதன் முகமான அலெக்சாண்டர் வூச்சிச், 1998 முதல் 2000 வரை 2000இல் மக்கள் எழுச்சியில் வீழ்ந்த ஸ்லோபொதான் மிலோஷெவிச்சின் ஆட்சிக்காலத்தில் தகவல்துறை அமைச்சராக இருந்தவர். பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தை நோக்கிய பாதையைப் பேசிக்கொண்டே மீண்டும் மேலே வந்து, 2014இல் பிரதமராகவும் 2017இல் குடியரசுத் தலைவராகவும் ஆனார். இந்த ஆட்சியில் இராணுவப் புரட்சி நடக்கவில்லை, அரசமைப்பு முடக்கப்படவில்லை, தேர்தல் நின்றுபோகவும் இல்லை. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் அரசு வழக்குத் தொடர்வோர் துறையும் மின்னணு ஊடக ஒழுங்குமுறை அமைப்பும் பெயர்ப்பலகையோடு இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் சாலை போடுவது முதல் ஒரு கொலை வழக்கின் நிலவரம் வரை எதைப் பற்றிய முடிவும் மாலைத் தொலைக்காட்சியில் வூச்சிச் வாயிலிருந்துதான் வெளிவந்தது. செர்பிய அரசமைப்பின்படி ஆட்சி நடத்த வேண்டியது பிரதமரும் அமைச்சரவையும். குடியரசுத் தலைவருக்கு உரிய அதிகாரம் மிகக் குறைவு. அரசமைப்பில் அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது.

உலக நாடுகளின் சுதந்திர நிலையை ஆண்டுதோறும் மதிப்பிடும் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு தன் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் செர்பியாவைச் ‘சுதந்திர நாடு’ என்ற வகையிலிருந்து ‘ஓரளவு சுதந்திரமுள்ள நாடு’ என்ற வகைக்கு இறக்கியது. 2023 டிசம்பர் தேர்தலைக் கண்காணித்த ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள், குடியரசுத் தலைவரின் மேலாதிக்கம், பொதுத்துறை ஊழியர் மீதான அழுத்தம், அரசு வளங்களைக் கட்சிக்குப் பயன்படுத்தியது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, போட்டி சமமான களத்தில் நடக்கவில்லை என்றனர்.

மக்கள் அதுவரை சும்மா இருந்தார்கள் என்பதும் இல்லை. 2023 மே மாதத்தில் பெல்கிரேடு பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஊர்வலம் நடந்தது; லித்தியம் சுரங்கத்துக்கு எதிராக 2021இலும் 2024இலும் சாலைகள் மறிக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றையும் ஆட்சி ஒரே விதமாகக் கையாண்டது. கூட்டத்தை அடித்துக் கலைக்காமல் நடக்க விட்டு, எதிர்க்கட்சிகள் மேடையைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, பிறகு ‘இவர்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்களே’ என்று மக்களிடம் காட்டுவது. 2000க்குப் பிந்தைய ஆட்சிகளின் ஊழலையும் சண்டையையும் மறக்காத மக்களிடம் அது எளிதாக எடுபட்டது. விட்டுப்பிடிப்பது என்று நாம் சொல்வோமே, அதுதான். அந்த உத்தி செல்லாமல் போவதற்கு, பிடிக்க ஆள் இல்லாத ஒரு போராட்டம் வர வேண்டியிருந்தது.

2024 நவம்பர் 22 அன்று, பெல்கிரேடின் நாடகக் கலைகள் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கல்லூரிக்கு முன்னால் தெருவில் இறங்கி, இறந்தவர்களுக்காக 15 நிமிடம் வாய் திறக்காமல் நின்றார்கள். வழியை மறித்துவிட்டார்கள் என்று சிலர் காரை விட்டு இறங்கிவந்து அவர்களைத் தாக்கினார்கள். தாக்கியவர்களில் ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் இருந்தது காணொளிகளிலிருந்து தெரியவந்தது. குற்றவாளிகளைப் பிடிக்கும்வரை வகுப்பு நடக்காது என்று நவம்பர் 25 அன்று மாணவர்கள் கல்லூரியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். செர்பியாவில் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு புலமும் தனிக் கல்லூரி போலவே இயங்கும். டிசம்பர் முடிவதற்குள் பெல்கிரேடு, நோவி சாத், நீஷ், கிராகுயெவாட்ஸ் ஆகிய நான்கு நகரப் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலான கல்லூரிகள் முற்றுகைக்குள் வந்திருந்தன.

யாரிடம் கேட்பது

மாணவர்கள் முதலில் வைத்த கோரிக்கைகள் நான்கு. நிலையப் புதுப்பித்தல் தொடர்பான ஆவணங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும். மாணவர்களையும் ஆசிரியர்களையும் தாக்கியவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும். போராட்டங்களில் கைதானவர்கள் மீதான வழக்குகளைக் கைவிட வேண்டும். உயர்கல்விக்கான நிதியை 20 விழுக்காடு உயர்த்த வேண்டும். ஆட்சி விலக வேண்டும் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. வெளியிலிருந்து பார்த்த பலருக்கு, சில எதிர்க்கட்சிக்காரர்களுக்கும்கூட, இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. ஆட்சி மாறாமல் ஆவணம் எப்படி வரும் என்று கேட்டார்கள்.

இந்த இயக்கத்தின் கூர்மை அந்த நான்கு கோரிக்கைகளின் முகவரியில் இருந்தது என்பது என் முடிவு. முதலாவது கோரிக்கை கட்டுமான அமைச்சகத்துக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் காவல்துறைக்கும் அரசு வழக்குத் தொடர்வோருக்கும். நான்காவது அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும். குடியரசுத் தலைவருக்கு எதுவும் இல்லை. வூச்சிச் வழக்கம்போலத் தொலைக்காட்சியில் தோன்றி, கோரிக்கைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டதாக அறிவித்தார், பேச வரும்படி அழைத்தார், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சலுகை வீட்டுக்கடன் தருவதாகவும் சொன்னார். மாணவர்களின் பதில் இரண்டே சொற்களில் வந்தது: ‘நியே நாத்லேஷான்’. அரசு அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவரிடம், ‘இது எங்கள் செக்‌ஷன் இல்லை’ என்று குமாஸ்தா சொல்வாரே, அந்தத் தொனியில் வரும் சட்டச் சொல் அது. உரிய அதிகாரி அல்லர், அவரது அதிகார வரம்பில் இது இல்லை என்று பொருள். வாழ்நாளெல்லாம் அலுவலக ஜன்னல்களில் அந்தச் சொல்லைக் கேட்டு வீடு திரும்பிய ஒரு நாட்டு மக்கள், அதை நாட்டின் மிகப் பெரிய மனிதரிடமே பிள்ளைகள் திருப்பிச் சொன்னபோது சிரித்த சிரிப்பை எந்த மேடைப் பேச்சும் வரவழைத்திருக்காது.

சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது. மாணவர்கள் அவரைச் சந்திக்கப் போயிருந்தால், ஒரு மாலைக்குள் எல்லாம் அவர் மனம் இரங்கித் தந்த சலுகையாக ஆகியிருக்கும். அமைச்சகமும் வழக்குத் தொடர்வோரும் தங்கள் கடமையிலிருந்து மீண்டும் ஒருமுறை விடுபட்டிருப்பார்கள். போகாததால், நிறுவனங்கள் பேச வேண்டிய கட்டாயம் வந்தது. கட்டுமான அமைச்சகம் டிசம்பரில் 195 ஆவணங்களை வெளியிட்டது. மாணவர்கள் அவற்றைப் பெல்கிரேடு கட்டடப் பொறியியல் கல்லூரி வல்லுநர்களிடம் எடுத்துப்போனார்கள். இருக்க வேண்டியவற்றில் பல இல்லை என்று அவர்கள் எழுத்தில் கொடுத்தார்கள். அமைச்சகம் மேலும் வெளியிட்டது, மீண்டும் சரிபார்க்கப்பட்டது. பணம் யார் கைக்குப் போனது என்பதைக் காட்டும் தாள்களைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு போராட்டம் முழக்கத்தை நிறுத்திவிட்டுக் கோப்பைப் புரட்ட உட்கார்ந்தது ஆட்சிக்குப் பழக்கமில்லாத ஒன்று.

முற்றுகைக்குள்

கல்லூரிகள் எப்படி நடந்தன என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முடிவுகளை எடுத்தது ‘பிளேனும்’ எனப்பட்ட பொதுக்கூட்டம். 2009இல் குரோவேசியாவின் சாக்ரெப் நகரில், கல்விக் கட்டணத்துக்கு எதிராகக் கலைப்புலத்தைக் கைப்பற்றிய மாணவர்கள் வளர்த்த முறை அது. மொழி கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் எல்லை தாண்டி வருவதற்குத் தடையில்லை. வாசலில் மாணவர் அடையாள ஏட்டைக் காட்டினால்தான் உள்ளே போகலாம். கல்லூரியில் படிக்கும் எவருக்கும் ஒரு வாக்கு. நெறியாளர் ஒவ்வொரு முறையும் மாறுவார். பேச விரும்புபவர் கையைத் தூக்கிப் பட்டியலில் இடம் பிடித்து, அளந்து தரப்பட்ட நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். கைதட்டல் பேச்சைக் கெடுக்கும் என்பதால், பிடித்திருந்தால் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் விரிவுரை அரங்கில் சத்தமே இல்லாமல் அறுநூறு கைகள் அசைவதைக் காணொளியில் பார்க்கையில், இதைக் கூட்டம் என்று சொல்வதா வேறு ஏதாவது சொல்வதா என்று தோன்றும்.

பிளேனுமுக்குக் கீழே பணிக்குழுக்கள் இருந்தன: ஊடகம், பாதுகாப்பு, உணவும் பொருள்களும், சட்டம், பிற கல்லூரிகளுடனான தொடர்பு. செய்தியாளரிடம் பேசுபவர் அடிக்கடி மாறினார். ஒரே முகம் இரண்டு மூன்று முறைக்கு மேல் திரையில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான கூட்டத்துக்குப் போகும் பிரதிநிதி தன் பிளேனும் எடுத்த முடிவை எடுத்துச் சொல்லலாமே தவிர, அங்கே புதிதாக எதையும் ஒப்புக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. புதிய கருத்து வந்தால் அது மறுபடி ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஓர் ஊர்வலத்தின் பாதையை முடிவு செய்யவே இரவெல்லாம் ஆகும்.

இந்த மெதுவான முறை ஒன்றைச் சாதித்தது. அரசு சார்புச் செய்தித்தாள்கள் சில மாணவர்களின் கடவுச்சீட்டு விவரங்களை வெளியிட்டு, அவர்களை அயல்நாட்டு உளவாளிகள் என்று எழுதிப் பார்த்தன. ஆனால் மிரட்டவோ விலைக்கு வாங்கவோ தலைவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சிகள் மேடை கேட்டன, மேடையே இல்லை. கட்சிக் கொடிகள் வேண்டாம் என்றார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியும் அங்கே தென்படவில்லை. 2024 ஜூலையில்தான் ஒன்றியத்தின் ஆணையத் துணைத்தலைவரும் ஜெர்மன் பிரதமரும் பெல்கிரேடுக்கு வந்து லித்தியத்துக்கான ஒப்பந்தத்தில் வூச்சிச்சுடன் கைகோத்திருந்தார்கள். அந்தக் கசப்பு ஆறவில்லை. எங்கும் தென்பட்டது சிவப்பு மையில் பதித்த உள்ளங்கைதான். ‘உங்கள் கைகளில் இரத்தம்’ என்பது அதன் பொருள்.

நடை

தொலைக்காட்சிதான் இந்த ஆட்சியின் முதுகெலும்பு. தேசிய அலைவரிசை உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் ஆட்சிக்கு ஆதரவானவை. பொது ஒலிபரப்பான ஆர்.டி.எஸ் நீண்ட காலம் போராட்டத்தைச் சில நிமிடங்களில் கடந்துபோனது. சிறு ஊர்களிலும் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு மாணவர்கள் என்றால் படிக்க மறுக்கும், வெளிநாட்டுப் பணம் வாங்கும் கூட்டம். இதற்கு மாணவர்கள் கண்ட வழி, காலால் நடந்து போவது.

2025 ஜனவரி 27 அன்று பெல்கிரேடின் ஆட்டோகொமாண்டா சந்திப்பை 24 மணி நேரம் முடக்கினார்கள். அன்றிரவு நோவி சாத்தில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த மாணவர்களை, ஆளுங்கட்சி அலுவலகத்திலிருந்து பேஸ்பால் மட்டைகளோடு வெளியே வந்தவர்கள் அடித்தார்கள். ஒரு மாணவியின் தாடை உடைந்தது. மறுநாள் காலையில் பிரதமர் மிலோஷ் வூச்செவிச்சும் நோவி சாத் மேயரும் பதவி விலகினர். நோவி சாத்தின் மேயராக முன்பு இருந்தவரும் வூச்செவிச்தான். ஒரு பிரதமரே போய்விட்டார் என்பதை வேறெந்த இயக்கமும் வெற்றி என்று கொண்டாடியிருக்கும். மாணவர்களோ, நாங்கள் அதைக் கேட்கவில்லை, ஆவணங்கள் எங்கே என்றார்கள்.

ஜனவரி 30 அன்று சில நூறு பேர் பெல்கிரேடிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நோவி சாத்துக்கு நடக்கத் தொடங்கினர். கடுங்குளிர். வழியெங்கும் கிராமத்தார் வீட்டு வாசலில் மேசை போட்டுச் சூப்பும் அப்பமும் கேக்கும் வைத்து நின்றனர். கொப்புளம் வந்த கால்களுக்குக் கட்டுப் போட மருத்துவர்களும் செவிலியரும் வந்தனர். இன்ஜியா என்ற சிற்றூரில் விளையாட்டு மைதானத்தில் இரவைக் கழித்து, மறுநாள் மாலை நோவி சாத்தில் நுழைந்தபோது தெருவின் இரு பக்கமும் கூட்டம். பாட்டிமார் அழுதுகொண்டே அவர்களைக் கட்டிக்கொண்டார்கள். பிப்ரவரி 1 அன்று, இடிந்து மூன்று மாதம் நிறைந்த நாளில், டானூப் நதி மீதுள்ள மூன்று பாலங்களும் முடக்கப்பட்டன. அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போக பெல்கிரேடிலிருந்து டாக்சி ஓட்டுநர்கள் கட்டணம் இல்லாமல் நூற்றுக்கணக்கான வண்டிகளில் வந்தார்கள். எந்த ஒலிபெருக்கியாலும் எட்ட முடியாத ஊர்களை, சோர்ந்துபோன இளம் முகங்கள் எட்டிவிட்டன.

பின்னர் இதுவே முறையாயிற்று. பிப்ரவரி 15 அன்று, 1835இல் செர்பியாவின் முதல் அரசமைப்பு அறிவிக்கப்பட்ட கிராகுயெவாட்ஸ் நகரில். மார்ச் 1 அன்று, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறந்த நீஷில். அங்கே, கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த அவரது மிலான் ஆணையை நினைவூட்டி, சுதந்திரமும் நீதியும் மானமும் பற்றிய ‘மாணவர் ஆணை’ ஒன்றை வாசித்தார்கள். போஸ்னிய முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நோவி பசாரின் மாணவர்களும் தலையில் முக்காடிட்ட தோழிகளோடு இதில் நடந்தார்கள். 1990களின் போர்களுக்குப் பிறகு, அந்த நகரத்துப் பிள்ளைகளைச் செர்பியப் போர் வீரர்களாக இருந்தவர்கள் காவல் நின்று அழைத்துச் சென்றார்கள் என்பது, அந்த நாட்டின் வரலாற்றைச் சற்றே அறிந்தவருக்கும் எளிய செய்தி இல்லை.

இடையில் ஓர் எழுத்துப்பிழையின் கதை. ஜனவரியில் நோவி சாத்தின் பழம்பெரும் பள்ளி ஒன்றின் சுவரில், மாணவர்களே பள்ளிக்குப் போங்கள் என்ற பொருளில் ஆட்சி ஆதரவாளர் யாரோ சிரிலிக் எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். ‘ஜாட்ஸி’ என்றால் மாணவர்கள். அந்த முதல் எழுத்தும் ‘சா’ ஒலிக்கான எழுத்தும் பார்வைக்கு மிக நெருக்கமானவை. ‘ன’ வர வேண்டிய இடத்தில் ‘ண’ போட்டதுபோல, அவர் ‘சாட்ஸி’ என்று எழுதிவிட்டார். படிக்கப் போ என்று புத்தி சொன்னவருக்கே எழுதத் தெரியவில்லை. அன்று முதல் ஆட்சியின் ஆட்களுக்குச் ‘சாட்ஸி’ என்றே பெயர். மார்ச் மாதம், ‘படிக்க விரும்பும் மாணவர்கள்’ என்ற பெயரில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ஆட்சி சார்பில் கூடாரங்கள் முளைத்தபோது, அந்த இடம் ‘சாட்ஸிலாந்து’ ஆயிற்று. அங்கே தங்கியவர்களில் கணிசமானோர் மாணவ வயதைத் தாண்டி வெகு காலம் ஆனவர்கள்.

மார்ச் 15

‘15ஆம் தேதி, 15 பேருக்காக’ என்று அழைப்பு விடுக்கப்பட்ட பெல்கிரேடு கூட்டம், செர்பிய வரலாற்றின் மிகப் பெரியதாக அமைந்தது. கூட்டங்களை எண்ணும் தன்னார்வக் குழு 2,75,000 முதல் 3,25,000 பேர் வரை என்றது. காவல்துறை 1,07,000 என்றது. நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 66 லட்சம்தான்.

மாலை ஏழேகால் மணிக்குச் சற்று முன், இலட்சக்கணக்கானோர் விளக்குகளை உயர்த்தி மௌனமாக நின்றிருந்தபோது, ஒரு தெருவில் கூட்டம் ஏதோ வாகனம் பாய்ந்து வருவதைப் போல உணர்ந்து நொடிப்பொழுதில் இரண்டாகப் பிளந்தது. ஒலி ஆயுதம் பயன்படுத்தப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அப்படிப்பட்ட கருவியே இல்லை என்பதுபோலப் பேசத் தொடங்கிய அரசு, படங்கள் வெளியானதும், கருவி உண்டு, பயன்படுத்தவில்லை என்ற நிலைக்கு வந்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த அத்தகைய கருவிகள் பயன்படுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளுமாறு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏப்ரல் 29 அன்று செர்பியாவுக்கு இடைக்கால அறிவுறுத்தல் தந்தது. அன்றிரவு மாணவர் பாதுகாப்புக் குழுவினர் தங்கள் ஒளிரும் மேற்சட்டைகளைக் கழற்றிவிட்டு, கூட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பெரும் மோதலுக்கான வாய்ப்பை அவர்கள் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். மிலோஷெவிச்சை வீழ்த்த 2000 அக்டோபர் 5இல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த தலைமுறைக்கு இது ஏமாற்றம். ஒரு சிறு கலவரத்துக்காகக் காத்திருந்த ஆட்சிக்கும் ஏமாற்றமே.

ஒரு வாரத்தில் பதினாறாவது உயிர் போனது. அதன்பின் மௌனம் 16 நிமிடமாயிற்று.

அரசு கையாண்ட வழிகள்

ஆட்சி பதிலுக்குக் கையாண்டவை பெரும்பாலும் சட்ட வடிவத்திலேயே வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். வகுப்பு நடக்கவில்லை என்று காட்டி, ஆசிரியரின் வேலை நேரத்தில் ஆய்வுக்கான பங்கைப் பெயரளவுக்குக் குறைக்கும் ஆணை வந்தது. பல பேராசிரியர்களின் சம்பளம் முன்பிருந்ததில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. பள்ளி ஆசிரியர்கள் பலருக்கும் சம்பளம் பிடிக்கப்பட்டது. அவர்களுக்காக மக்கள் நிதி திரட்டினார்கள். ஏப்ரல் 16 அன்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவப் பேராசிரியரான ஜூரோ மாட்சுட் தலைமையில் புதிய அமைச்சரவை வந்தது. பல்கலைக்கழகத்தை எதிர்கொள்ளப் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒருவர். ஜூலையில், நோவி சாத் மாணவியின் தாடையை உடைத்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, தீர்ப்பு வருவதற்கு முன்பே வூச்சிச் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு வழங்குவது அவரது அதிகார வரம்புக்குள் வருவதுதான். ‘நியே நாத்லேஷான்’ என்று அங்கே மட்டும் சொல்ல முடியவில்லை.

வழக்குத் தொடர்வோரும் நீதிமன்றமும் தங்கள் வேலையைச் செய்யட்டும் என்று ஒன்பது மாதம் காத்திருந்த இயக்கத்துக்கு, வேலை நடந்தாலும் அதன் பலனை ஒரு கையெழுத்து அழித்துவிடும் என்பதை இந்த ஒரு செயல் காட்டிவிட்டது. ஆகஸ்டில் வ்ர்பாஸ், பாச்கா பலாங்கா, நோவி சாத் எனப் பல ஊர்களில் ஆளுங்கட்சி அலுவலகங்களுக்கு முன் மோதல் வெடித்தது. வால்யேவோவில் கட்சி அலுவலகம் எரிந்தது. காவல்துறையின் கையும் அதற்கேற்ப நீண்டது. மௌனத்தால் நின்ற இயக்கத்தின் ஓரங்களில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

வாக்குச்சீட்டுக்குத் திரும்புதல்

2025 மே 5 அன்று மாணவர்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே தேர்தல் நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். சிலர் இதைக் கொள்கை மாற்றம் என்று விமர்சித்தனர். அவர்கள் நிறுவனங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்த நிறுவனங்களுக்கு ஆள் அமர்த்தும் வாக்காளரிடம் போனார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். தர்க்கம் அறுபடவில்லை. ஆனால் கருவி மாறியது. பழைய கருவியின் பலங்கள் புதிய வேலைக்கு அப்படியே ஒத்துவரவில்லை.

தலைவர் இல்லாதது முற்றுகையில் கவசம். தேர்தலிலோ பெயர் வேண்டும். மாணவர்கள் தாங்கள் போட்டியிடமாட்டோம் என்றும், கட்சி சாராத மதிப்புக்குரியவர்களைக் கொண்ட ‘மாணவர் பட்டியல்’ ஒன்றை ஆதரிப்போம் என்றும் அறிவித்து, பெயர்களைத் தேர்தல் அறிவிப்பு வரும்வரை மறைத்து வைத்தார்கள். அவதூறுப் பத்திரிகைகளை மனத்தில் கொண்டால் இது புரிகிறது. வாக்காளர் யாரை நம்புவது என்ற கேள்வி மட்டும் தொங்கலில் நிற்கிறது. அதுபோல, நான்கு கோரிக்கைகளின் கீழ் இடதுசாரியும் தேசியவாதியும் தாராளவாதியும் தோளோடு தோள் நிற்க முடிந்தது. செர்பியாவிலிருந்து பிரிந்துபோன கொசோவோ பற்றியும் ரஷ்யா பற்றியும் ஐரோப்பா பற்றியும் நிலைப்பாடு சொல்ல வேண்டிய இடத்தில் அது கடினம். ஜூன் 28, 1389ஆம் ஆண்டு கொசோவோப் போரைச் செர்பியர் நினைவுகூரும் விதோவ்தான் நாளன்று ஏறத்தாழ 1,40,000 பேர் கூடிய பெல்கிரேடு கூட்டத்தில் ஒலித்த தேசியவாதத் தொனி, அதுவரை உடன் நடந்த பலரை நெளிய வைத்தது.

களத்தில் கிடைத்த அளவுகோல் ஒன்று உண்டு. ஜூன் 8 அன்று கொசியேரிச் என்ற சிறு மலை நகரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சி எளிதில் வெல்லும் ஊர் அது. மாணவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, உள்ளூர்க் குழு ஒன்றை ஆதரித்தார்கள். ஆளுங்கட்சிதான் வென்றது, ஆனால் சில பத்து வாக்குகளில். அதைத் தோல்வி என்று படிப்பவர்களும் உண்டு, அடுத்த தேர்தலின் முன்னோட்டம் என்று படிப்பவர்களும் உண்டு. வூச்சிச் அதை எப்படிப் படித்தார் என்பதை அவரது செயலே சொல்கிறது. 2025ஆம் ஆண்டு முழுவதும் அவர் நாடாளுமன்றத் தேர்தலை அறிவிக்கவில்லை.

2025 நவம்பர் 1 அன்று பல்லாயிரக்கணக்கானோர் நோவி சாத் நிலையத்துக்கு எதிரே கூடி, 11.52 முதல் 16 நிமிடம் நின்றார்கள். நோவி பசார் மாணவர்கள் இரண்டு வாரத்துக்கும் மேலாக நடந்து அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். மறுநாள், விதானத்தின் கீழ் இறந்த ஓர் இளைஞரின் தாய் பெல்கிரேடு நாடாளுமன்றத்துக்கு முன்னால் உண்ணாநோன்பு தொடங்கினார். என் பிள்ளை சாவுக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்ல வேண்டும், தேர்தலை அறிவிக்க வேண்டும் என்பவை அவர் கேட்டவை. அவர் உட்கார்ந்த இடத்துக்கும் நாடாளுமன்றப் படிகளுக்கும் இடையே காவலர் வரிசையும் இரும்பு வேலியும் இருந்தன. வேலிக்கு அப்பால் சாட்ஸிலாந்தின் கூடாரங்களில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.